சாபம் பெற்ற கதாபாத்திரத்தின் சேத எதிர்ப்புகளைக் கணக்கிடும் முறை

டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், ஓநாய் மனிதனிடம் கடிபட்டுச் சாபம் ஏறிய பார்பேரியன் (வெறியோடு போரிடும் வீரர் வகுப்பு) ஒருவரை ஆடத் தொடங்கும் எவருக்கும் விரைவில் ஒரு சந்தேகம் எழும். சாபம் ஒரு பாதுகாப்பைத் தருகிறது. ரேஜ் என்னும் அவரது போர்வெறி நிலை இன்னொன்றைத் தருகிறது. தோழர் ஒருவர் தோலைக் கல்லாக்கும் ஸ்டோன்ஸ்கின் மந்திரத்தையும் போட்டுவிட்டால் மூன்றாவதும் வந்து சேர்கிறது. இவை மூன்றும் கூடி, விழும் அடியைப் பாதியாகவும் காலாகவும் அரைக்காலாகவும் குறைத்துக்கொண்டே போகுமா? போகாது. ஆயினும் இவை ஒன்றையொன்று வீணாக்குவதும் இல்லை. ஒன்று மறைக்காத இடத்தை மற்றொன்று மறைக்கிறது என்பதே இதிலுள்ள நுட்பம். கீழே விளக்கப்படுவது 2014ஆம் ஆண்டு விதிகளின்படியான கணக்கு.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ரெசிஸ்டன்ஸ் என்னும் எதிர்ப்பு, குறிப்பிட்ட வகைச் சேதத்தைப் பாதியாக்கும். பின்னம் வந்தால் கீழ்நோக்கியே முழுமையாக்க வேண்டும். இம்யூனிட்டி என்னும் முழுக்காப்பு அதைப் பூஜ்ஜியமாக்கும். வல்னரபிலிட்டி என்னும் பலவீனம் அதை இருமடங்காக்கும். ஒரே சேத வகைக்கு எத்தனை இடங்களிலிருந்து எதிர்ப்பு கிடைத்தாலும் அது ஒரே எதிர்ப்பாகத்தான் எண்ணப்படும் என்று விதி தெளிவாகவே சொல்கிறது, பலவீனத்துக்கும் அப்படியே. ஆகவே "என்னிடம் எத்தனை எதிர்ப்புகள் உள்ளன?" என்று எண்ணுவதை விட்டுவிட்டு, "இப்போது விழும் இந்த அடியை என் பாதுகாப்புகளில் எது தொடுகிறது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பதே சரியான பழக்கம்.

சாபம் தரும் முழுக்காப்பின் வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். வெட்டு, குத்து, மொத்தல் ஆகிய மூவகைச் சேதங்களுக்கும் அது பொருந்துகிறது. ஆனால் அந்தச் சேதம் மந்திரத்தன்மை இல்லாத தாக்குதலிலிருந்து வந்திருக்க வேண்டும், தாக்கிய ஆயுதம் வெள்ளி பூசப்பட்டதாகவும் இருக்கக் கூடாது. மனித உருவில் இருக்கும்போதும் இந்தக் காப்பு நீடிக்கும். ரேஜ் தரும் எதிர்ப்போ அதே மூவகைகளுக்கும், தாக்கியது மந்திரமா வெள்ளியா என்ற நிபந்தனை எதுவும் இன்றிப் பொருந்துகிறது. எனவே சாதாரண வாள் 9 வெட்டுச் சேதம் செய்தால் அது பூஜ்ஜியமாகும். அந்த அடியைப் பொறுத்தவரை ரேஜ் சேர்ப்பது ஒன்றுமில்லை. அதே 9 வெள்ளி பூசிய வாளிலிருந்து வந்தால் முழுக்காப்பு விலகிவிடும், ரேஜ் மட்டும் நின்று அதை 4 ஆக்கும். ரேஜில் இல்லாத நேரத்தில் 9ம் முழுமையாக விழும்.

ஸ்டோன்ஸ்கின் மந்திரத்தின் எதிர்ப்பும் இந்த மூவகைகளுக்கு உரியதே; ஆனால் மந்திரத்தன்மை இல்லாத சேதத்துக்கு மட்டும். சாபம் பெற்றவருக்கு அதனால் கிடைப்பது, வெள்ளி பூசிய சாதாரண ஆயுதங்களிடமிருந்தும், உயரத்திலிருந்து விழுவது போன்ற தாக்குதல் அல்லாத சேதத்திலிருந்தும் பாதுகாப்பு என்னும் குறுகிய இடம் மட்டுமே. ரேஜில் இருப்பவருக்கு அந்த இடமும் ஏற்கெனவே மறைக்கப்பட்டிருக்கிறது. 100 தங்கக் காசு மதிப்புள்ள வைரத்தூளை ஒவ்வொரு முறையும் தின்னும் மந்திரத்தை அவர்மீது செலவழிப்பதைக் காட்டிலும், சாபமோ ரேஜோ இல்லாத தோழருக்குப் போடுவதே நல்லது என்பது என் கருத்து.

உயரத்திலிருந்து விழுவதுதான் பலரும் தவறும் இடம். விழும்போது ஒவ்வொரு 10 அடி உயரத்துக்கும் ஓர் ஆறுமுகப் பகடை மொத்தல் சேதம் ஏற்படுகிறது. அது மந்திரத்தால் வந்ததல்ல. ஆகவே ஓநாய் மனிதனுக்கு வலிக்காது என்று நினைப்பது இயல்பு. ஆனால் வாசகம் "தாக்குதல்" என்றே சொல்கிறது. தரை யாரையும் தாக்குவதில்லை. 60 அடியிலிருந்து விழுந்து பகடைகள் 21 காட்டினால் 21ம் விழும். ரேஜில் இருந்தால் 10 ஆகும். வாட்களுக்கு அஞ்சாத ஒரு கதாபாத்திரம் பள்ளத்தில் விழுந்து இறப்பதை ஆடுபவர்கள் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் ஆட்டத்தை நடத்தும் டஞ்ஜன் மாஸ்டர் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம்.

ஒரே அடியில் இருவகைச் சேதம் இருந்தால், வகை வாரியாகப் பிரித்துக் கணக்கிட்ட பிறகே கூட்ட வேண்டும். தீப்பற்றிய மந்திர வாள் ஒன்று 11 வெட்டுச் சேதமும் 7 நெருப்புச் சேதமும் செய்கிறது என்று கொள்வோம். வாள் மந்திரத்தன்மை கொண்டது. ஆகவே சாபத்தின் காப்பு செல்லாது. ரேஜ் வெட்டை 5 ஆக்கும், நெருப்பைத் தொடாது, மொத்தம் 12. கரடி டோட்டம் என்னும் விலங்கு ஆவியைத் தேர்ந்தெடுத்த பார்பேரியனுக்கு, ரேஜின்போது மனச்சேதம் தவிர்த்த எல்லா வகைக்கும் எதிர்ப்பு உண்டு. அவருக்கு நெருப்பு 3 ஆகி, மொத்தம் 8 மட்டுமே.

இனி வரிசை. கூட்டல், கழித்தல் போன்ற மாற்றங்கள் எல்லாம் முதலில், அடுத்து எதிர்ப்பு, கடைசியில் பலவீனம். சாபம் பெற்ற ஃபைட்டர் (போர்வீரர் வகுப்பு) ஒருவர் கனத்த கவசத்துடன், சாதாரண ஆயுதச் சேதத்தில் 3 குறைக்கும் ஹெவி ஆர்மர் மாஸ்டர் திறனும் வைத்திருக்கிறார், அவர்மீது ஸ்டோன்ஸ்கின்னும் இருக்கிறது. வெள்ளி பூசிய சாதாரண வாள் 14 சேதம் செய்தால், முதலில் 3 கழித்து 11, பிறகு பாதியாக்கி 5. முதலில் பாதியாக்கிப் பிறகு கழித்தால் 4 வரும், அது தவறு. எதிர்ப்பும் பலவீனமும் ஒரே சேதத்தின்மீது சந்தித்தால், 23 முதலில் 11 ஆகி, பிறகு 22 ஆகும்.

எதிர்ப்பு என்று பெயர் பெறாத குறைப்புகள் எதிர்ப்புடன் சேர்ந்து செயல்படும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஃபயர்பால் என்னும் நெருப்பு மந்திரம் 28 சேதம் காட்டுகிறது. சேவிங் த்ரோ என்னும் தற்காப்புப் பகடையில் வென்றால் 14. கரடி டோட்டத்தின் எதிர்ப்பு அதை 7 ஆக்கும். ரோக் வகுப்பில் 5 நிலைகள் எடுத்தவருக்கு தாக்குதலின் சேதத்தை எதிர்வினையாகப் பாதியாக்கும் அன்கேனி டாட்ஜ் திறனும் இப்படியே உதவும்: வெள்ளி வாளின் 31, எதிர்வினையால் 15 ஆகி, ரேஜால் 7 ஆகும். உண்மையிலேயே காற்பங்காகக் குறைக்க விரும்புபவர் தேட வேண்டியது இத்தகைய திறன்களைத்தான், இரண்டாவது எதிர்ப்பை அல்ல.

முழுக்காப்பு ரேஜுக்கே இடையூறாகவும் முடியலாம். ஆட்டத்தில் தன் கடந்த முறை வந்து போன பிறகு எதிரியைத் தாக்காமலும் சேதம் பெறாமலும் தன் முறையை முடித்தால் ரேஜ் அணைந்துவிடும். பத்துப் பேர் சாதாரண ஈட்டிகளால் குத்தினாலும் சேதம் பூஜ்ஜியம் என்றால், அவர் சேதம் பெறவில்லை என்றே பொருள். எதிரிகளை நோக்கி ஓடுவதிலேயே ஒரு முறையைச் செலவழிக்கும் முன், எறிவதற்கு ஒரு ஈட்டியையாவது கையில் வைத்திருக்க வேண்டும்.

2024ஆம் ஆண்டுத் திருத்தப்பட்ட விதிகளில் ஆடுபவர்களுக்கும் வரிசை இதுவே. எதிர்ப்புகள் அடுக்கப்படாது என்பதும் மாறவில்லை. ஆனால் 2025இல் வந்த மிருகத் தொகுப்பில் ஓநாய் மனிதனின் அந்தப் பழைய முழுக்காப்பு நீக்கப்பட்டுவிட்டது. கரடியின் எதிர்ப்பும் சுருங்கி, மனச்சேதத்தோடு ஃபோர்ஸ், நெக்ரோட்டிக், ரேடியன்ட் ஆகிய சேத வகைகளையும் விட்டுவிடுகிறது. ஆகவே ஆட்டம் தொடங்கும் முன் எந்த ஆண்டின் விதிகள் என்று மேசையில் முடிவுசெய்து, அதற்கேற்பக் கதாபாத்திரத் தாளில் சாபம், ரேஜ், மந்திரம் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது தொடும் சேத வகையையும், எந்த நிபந்தனையில் அது விலகும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளவும்.