பேசாத அப்பாவிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி?

கடலூர் முதுநகரிலும் தேவனாம்பட்டினத்திலும் அப்பா விசைப்படகுத் தொழிலுக்குப் போகும் வீடுகளில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் பிள்ளைகளுக்கு மனத்தாங்கல் கூடுகிறது. கடலில் இருக்கும்போது பேசாதவருக்குத் தொழிலைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம்; நாள் முழுவதும் வீட்டிலிருந்தும் பேசாதவரை என்னவென்று சொல்வது? பிளஸ் டூ தேர்வு முடிவு வருவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

முதலில், "அப்பாகிட்ட நீயே சொல்லும்மா" என்று அம்மாவைத் தூது அனுப்புவதை நிறுத்துங்கள். எல்லாமே அம்மா வழியாகப் போவதால், அப்பாவுக்கு உங்களிடம் நேராகப் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது.

அதற்காக அவரை எதிரே உட்காரவைத்து மனம் திறக்கச் சொல்லாதீர்கள். அது அவருக்கு விசாரணை போலத் தோன்றும். அவர் வலையைச் சரிபார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கிழிந்த இடத்தை விரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கை வேலையில் இருக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால், கூச்சமுள்ளவருக்கும் வாய் திறக்கும். எந்த மீனுக்கு எந்த அளவுக் கண்ணி என்பது போல, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். முதல் நாள் அதோடு எழுந்துவிடுங்கள்.

சில நாள் பழகிய பிறகு உங்கள் விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "என்மேல உங்களுக்குப் பாசமே இல்ல" என்றால் அவர் எழுந்து போய்விடக்கூடும். "ரிசல்ட் வர்ற அன்னிக்கு நீங்க என் பக்கத்துல இருங்கப்பா" என்றால் அவர் செய்யக்கூடியது ஒன்று அதில் இருக்கிறது. பதில் வெறும் "ம்" என்று வந்தாலும் அன்றைக்கு மேலும் வற்புறுத்த வேண்டாம்.

நல்ல மீனை விற்காமல் குழம்புக்கு எடுத்து வருவதும் அன்புதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையே, ஆனாலும் ஒரு வார்த்தைக்காக ஏங்குவது உங்கள் தவறு அன்று.

அடி, குடி, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். மனம் தாளாதபோது எந்த நேரத்திலும் 14416 மனநல உதவி எண்ணில் பேசலாம், இரண்டுமே கட்டணமில்லாதவை.

தடைக்காலம் முடிந்து படகு கிளம்பியதும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அவர் கரை திரும்பும் நாளில், அம்மா கேட்பதற்கு முன்பே, இந்த முறை என்ன மீன் பட்டது என்று நீங்கள் கேளுங்கள்.