ஒரே பெயரில் இரண்டு ஊர்: லௌஃபன்பூர்க்குக்கு ஒருநாள் போய்வருவது எப்படி?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குக் கிழக்கே, ரைன் ஆற்றின் கரையில் இருக்கிறது லௌஃபன்பூர்க். தென்கரை சுவிட்சர்லாந்து, வடகரை ஜெர்மனி. ஹாப்ஸ்பூர்க் அரச வம்சத்தின் ஒரு கிளை ஆண்ட காலத்தில் இரண்டும் ஒரே ஊர்தான். 1801 லூனவீல் உடன்படிக்கை ஆற்றையே எல்லையாக்கி இரண்டாக வகுந்துவிட்டது. விசா, தங்குமிடம் எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நான் சறுக்கிய இடங்களை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1. எந்தக் கரையில் இறங்குவது?

சுவிஸ் கரைக்கு பாசல் எஸ்பிபி (சுவிஸ் ரயில்வே) நிலையத்தில் எஸ்1 என்ற உள்ளூர் ரயிலைப் பிடிக்க வேண்டும். ஃப்ரிக் என்ற வேறு ஊருக்குப் போகும் எஸ்1-உம் உண்டு, பலகையைப் பார்த்து ஏறுங்கள். ஜெர்மன் கரைக்கு வண்டி பாடிஷர் பான்ஹோஃப் நிலையத்திலிருந்து. இரண்டும் பாசலிலேயே இருந்தாலும் வேறு வேறு நிலையங்கள். நடுவே 2ஆம் நம்பர் டிராம் ஓடுகிறது. டிக்கெட் எடுக்கும்போது ஜெர்மன் லௌஃபன்பூர்க் நிலையத்தின் பெயரில் 'பாடன்' என்று சேர்ந்திருக்கும். 'ஓஸ்ட்' என்று முடிவது இன்னொரு நிலையம், அது வேண்டாம்.

டாய்ச்லாந்து டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்களில் செல்லும் மாதச் சீட்டு) வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், ஜெர்மன் கரையில் இறங்கிப் பாலத்தில் நடந்து போங்கள். ஆனால் அந்தப் பாதையில் மின்மயமாக்கும் வேலைக்காக அவ்வப்போது வண்டியை நிறுத்திவிட்டு பஸ் விடுகிறார்கள். முந்தின நாள் இரவு டேபே (DB) நவிகேட்டர் என்ற ஜெர்மன் ரயில்வே ஆப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரயில் நேரத்துக்கு நான் கூகுள் மேப்ஸை நம்புவதில்லை.

2. போன். இதைத் தாண்டிப் போகாதீர்கள்

முதல்முறை போனபோது ஜெர்மன் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே தெரியும் கோட்டைக் கோபுரத்தை அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தேன். 'சுவிட்சர்லாந்துக்கு வரவேற்கிறோம்' என்று ஒரு மெசேஜ் வந்தது. நான்தான் ஆற்றைத் தாண்டவே இல்லையே என்று ஒதுக்கிவிட்டேன். மாதக் கடைசியில் பில்லில் கூடுதலாக 38 யூரோ. அக்கரை டவரின் சிக்னலைப் போன் தானாகப் பிடித்திருக்கிறது. சுவிட்சர்லாந்து ஷெங்கனில் (ஒரே விசாவில் போய்வரும் நாடுகளின் கூட்டில்) உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதனால் ஒன்றியத்துக்குள் செல்லும் இலவச ரோமிங் அங்கே தானாகச் செல்லாது.

செய்ய வேண்டியது: வீட்டிலேயே ஆஃப்லைன் மேப் இறக்கிக்கொள்ளுங்கள், டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ரயிலில் இருக்கும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க் தேர்வில் 'தானியங்கி'யையும் எடுத்துவிட்டு உங்கள் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுங்கள். திரும்பும்போது மறுபடி தானியங்கிக்கு மாற்ற மறக்க வேண்டாம். நான் மறந்து, மறுநாள் ஆபீஸ் போகும் வழியெல்லாம் சிக்னல் இல்லாமல் திரிந்தேன்.

3. நடக்கும் வரிசை

பழைய பாலத்தில் தொடங்குங்கள். ஊர்ப் பெயரில் உள்ள 'லௌஃபன்' இங்கே பாய்ந்த நீர்விரைவைக் குறிப்பது. பாறைகளை வெடிவைத்துத் தகர்த்து 1914இல் நீர்மின் நிலையத்தை முடித்தார்கள். இப்போது தண்ணீர் ஏரி மாதிரி கிடக்கிறது. அங்கிருந்து சுவிஸ் கரைச் சந்துகள், பிறகு கோட்டை மேடு. நல்ல ஷூ போடுங்கள், கல் பாவிய ஏற்றம். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம், தெருக் குழாய்த்தொட்டியில் பிடித்துக்கொள்ளலாம். 'கைன் டிரிங்க்வாஸர்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

நேரம் இருந்தால் கிழக்கே உள்ள புதுப் பாலத்தையும் பாருங்கள். ஜெர்மனி வட கடலை வைத்து உயரம் அளக்கிறது, சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலை வைத்து. வித்தியாசம் 27 செ.மீ. அது பொறியாளர்களுக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட, 2003இல் பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போது இரு கரைக்கும் நடுவே 54 செ.மீ. இடித்தது. ஜெர்மன் பக்கத்தைத் தாழ்த்திச் சரிசெய்தார்கள். எனக்குக் கோட்டையைவிட இதுதான் பிடித்தது.

4. காசு, சாப்பாடு

சுவிஸ் கரையில் யூரோ நீட்டினால் மீதி ஃப்ராங்கில் வரலாம், கார்டே மேல். சாப்பாட்டுக்கு ஜெர்மன் கரைக்கு வந்துவிடுங்கள், பர்ஸுக்கு நல்லது. சைவக்காரர்கள் கேஸெஷ்பெட்ஸ்லே (சீஸ் சேர்த்த நூடுல்ஸ் மாதிரி) கேட்கலாம். மேலே வறுத்த வெங்காயம் போட்டு வரும். ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட் திறக்காது. பாஸ்போர்ட்டையும் ரெசிடென்ஸ் கார்டையும் ஒரிஜினலாகவே வைத்திருங்கள், ரயிலில் சோதனை நடக்கிறது.

பின்சேர்க்கை: பாசலில் இருக்கும் ஒரு தோழி, ஜெர்மன் கரையில் மலிவாகக் கோழி வாங்கி வரலாமா என்று கேட்டிருந்தார். வரலாம், ஆனால் வரி இல்லாமல் இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோதான். வரி கட்டாமல் ஓர் ஆள் கொண்டுபோகும் மொத்தச் சாமான் மதிப்பின் வரம்பும் 2025 ஜனவரி முதல் 300 ஃப்ராங்கிலிருந்து 150 ஆகிவிட்டது. பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.