புதுத் தொட்டியில் மீன் விட்டாச்சா? அமோனியாவைக் கவனியுங்கள்

மட்டக்களப்பு ரவுனில் இரண்டடித் தொட்டியும் ஆறு கப்பி மீனும் வாங்கி வந்து ஐந்தாம் நாள், இரண்டு மீன் செத்து மிதந்தது. தண்ணீரோ பளிங்கு மாதிரி. அழுக்காக்கும் என்று முழுத் தண்ணீரையும் வெளியே ஊற்றி, பில்டர் ஸ்பொஞ்சையும் பைப்பில் பிடித்துக் கழுவினேன். மறுகா மிச்ச நாலும் போச்சுது.

கொன்றது அமோனியா. மீன் அதைச் செவுள் வழியாக விட்டுக்கொண்டே இருக்கும். தின்னாமல் கிடக்கிற தீனி அழுகினாலும் அதுதான் வரும். பழைய தொட்டியில் ஒருவகை பக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு வகை நைத்திரைற்றை, அவ்வளவு கெடுதல் இல்லாத நைத்திரேற்றாக மாற்றும். புதுத் தொட்டியில் இரண்டும் இல்லை. அவை பெருக 4 முதல் 6 கிழமை எடுக்கும். அதுவரை அந்த வேலையை நீங்கள்தான் வாளியால் செய்யவேண்டும்.

படி 1: அளந்து பாருங்கள்

துளி விட்டுப் பார்க்கும் ரெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். மீனை விட அது விலை கூட என்று வீட்டில் ஏச்சு விழும், பரவாயில்லை. தண்ணீர் மஞ்சளாக நின்றால் அமோனியா இல்லை, பச்சை கூடக் கூட ஆபத்து. முதல் மூன்று கிழமைக்குத் தினமும் பாருங்கள். தொட்டிக்கு ஊற்றும் கிணற்றுத் தண்ணீரையோ பைப் தண்ணீரையோ ஒருதரம் தனியாக அளந்து வையுங்கள். அதிலேயே அமோனியா இருந்தால், எத்தனை வாளி மாற்றினாலும் பூச்சியத்துக்கு வராது.

படி 2: பிஎச், சூடு

நம்ம ஊரில் பலரும் கவனிக்காதது இது. அமோனியா தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கும். ஒன்று பெரிய கெடுதல் செய்யாது, மற்றது நஞ்சு. ரெஸ்ட் கிட் இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும். நஞ்சான பங்கு எவ்வளவு என்பது பிஎச்சையும் (தண்ணீரின் அமில, கார அளவு) சூட்டையும் பொறுத்தது. 30 பாகைச் சூட்டில் பிஎச் 7 என்றால் நஞ்சான பங்கு 100க்கு 1 கூட வராது. பிஎச் 8 ஆனால் அது 100க்கு 7ஐத் தாண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வீட்டுத் தொட்டி 30 பாகைக்கு ஏறுவது புதினமில்லை.

அதனால் கல்லடிக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, சங்கு, முருகைக்கல் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். வடிவுதான், ஆனால் மெல்ல மெல்லக் கரைந்து பிஎச்சை மேலே தூக்கும். தொட்டியை யன்னல் வெயிலிலிருந்தும் நகர்த்துங்கள்.

படி 3: தீனியைக் குறையுங்கள்

ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். பாவம் பசிக்கும் என்று பிள்ளைகள் அள்ளிப் போடுவார்கள். டப்பாவை ஒளித்து வையுங்கள்.

படி 4: தண்ணீர் மாற்றுங்கள்

அமோனியா அளவு 0.25 பிபிஎம் (லீற்றருக்கு 0.25 மில்லிகிராம்) என்றால் மறுநாளும் பாருங்கள். 0.5ஐத் தொட்டால் அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். 1 வந்தால் பாதியை மாற்றி, அடுத்த நாள் காலை திரும்ப அளக்கவேண்டும். கணக்கு லேசு. பாதித் தண்ணீர் போனால் பாதி அமோனியா போகும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் கல்லெல்லாம் போக ஏறக்குறைய 50 லீற்றர் நிற்கும். பாதி என்றால் 25 லீற்றர், இரண்டு பெரிய வாளி.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, செவுள் சிவந்திருந்தாலோ அளந்துகொண்டு நிற்காதீர்கள். முதலில் பாதியை மாற்றுங்கள்.

பைப் தண்ணீர் என்றால் குளோரினை எடுக்கவேண்டும். வாயகன்ற வாளியில் ஒரு நாள் வைத்தால் சாதாரணக் குளோரின் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும், குளோரினை எடுக்கும் மருந்தை விடலாம். ஆனால் மலிவாக விற்கும் அந்த மருந்து குளோரினை மட்டும்தான் எடுக்கும், அமோனியாவைத் தொடாது. கடைக்காரர் 'எல்லாத்துக்கும் சரி' என்றால் நம்பாதீர்கள்.

படி 5: பக்டீரியாவை வளருங்கள்

அவை குடியிருப்பது பெரும்பாலும் ஸ்பொஞ்சிலும் கல்லிலும், தண்ணீரில் மிகக் குறைவு. தண்ணீரை மாற்றினால் அவை போகா. குளோரின் தண்ணீரில் ஸ்பொஞ்சைக் கழுவினால் போகும், நான் செய்தது அதுதான். ஸ்பொஞ்ச் அடைத்தால், தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரில் இரண்டுதரம் மெதுவாகப் பிழியுங்கள், போதும்.

ஆறு மாதமாவது ஓடிய, நோயில்லாத தொட்டி தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அவருடைய பழைய ஸ்பொஞ்சைக் கேட்டு வாங்கி உங்கள் பில்டருக்குள் வையுங்கள். ஈரம் காயாமல் கொண்டுவரவேண்டும். இதைவிட நல்ல குறுக்குவழி எனக்குத் தெரியாது. கிழமைக் கணக்கு நாள் கணக்காகக் குறையலாம்.

ஏர் பம்பை இரவில் நிறுத்தாதீர்கள். இந்தப் பக்டீரியாவுக்கும் ஒட்சிசன் வேண்டும். கரண்ட் நெடுநேரம் போனால், ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். மணி பிளாண்டின் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டால் அதுவும் கொஞ்சம் அமோனியாவை உறிஞ்சும்.

படி 6: நைத்திரைற்று

இரண்டாம், மூன்றாம் கிழமையில் அமோனியா இறங்கும். அப்பாடா என்று இருந்துவிடாதீர்கள், அப்போதுதான் நைத்திரைற்று ஏறும். அது மீனின் இரத்தத்தைப் பிடித்துக்கொள்வதால் மூச்சு முட்டும், செவுள் பழுப்பாகும். அதற்கும் தண்ணீர் மாற்றுவதுதான் வழி. கூடவே 50 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி கறியுப்பைக் கரைத்து விடுங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று செவுளால் உள்ளே போவதைத் தடுக்கும். பிறகு தண்ணீர் மாற்றும்போது, மாற்றிய பங்குக்கு மட்டும் உப்புச் சேர்த்தால் சரி.

அமோனியாவும் நைத்திரைற்றும் ஒரு கிழமை முழுக்கப் பூச்சியத்தில் நின்று, நைத்திரேற்று மட்டும் ஏறினால் தொட்டி தேறிவிட்டது. தீனியை வழமைக்குக் கொண்டுவரலாம். புது மீனை இரண்டு இரண்டாகத்தான் விடவேண்டும். ஒவ்வொரு தடவையும் அடுத்த ஒரு கிழமைக்குத் துளிப் போத்தலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.