புதிய மந்திரத் துணைநூல் வருகிறதா? அதுவரை மேசையில் செய்ய வேண்டியவை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் வட்ஸ்அப் குழு எதிலாவது, மந்திர விதிகளுக்குப் புதிய துணைநூல் வரப்போகிறது என்ற செய்தி விழுந்தால் போதும். அன்று பின்னேரமே பாதிப் பேர் தங்கள் பாத்திரத்தை மாற்றி எழுதத் தொடங்கிவிடுவார்கள். வந்திருப்பது அட்டைப் படம் மட்டும்தான்! யாழ்ப்பாணத்தில் இருந்து ஆடுகிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் நீளம். நல்லூர்த் திருவிழாவுக்கு என்று கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் சொந்தக்காரர் யாராவது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தால்தான் பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்கலாம். அந்த இடைவெளியில் உருப்படியாக என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

இந்த ஆட்டமே புதிது என்பவர்களுக்கு இரண்டு வரி. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ஆட்டம் இது. ஒருவர் டிஎம், அதாவது கதையை நடத்துபவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். முடிவு தெரியாத இடங்களில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். அடிப்படை விதிநூலுக்கு மேலே புதிய மந்திரங்கள், புதிய மந்திரவாதி வகைகள் என்று சேர்த்து வருவதுதான் துணைநூல்.

படி 1: மந்திரத்துக்கு இப்போது என்ன விலை என்று எழுதுங்கள்

ஒரு கொப்பி எடுங்கள். ஐந்தாம் பதிப்பு விதிப்படி ஒரு மந்திரம் சொல்ல எதை எதைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். முதலாவது ஸ்லொட், அதாவது இத்தனை தடவைதான் மந்திரம் சொல்லலாம் என்ற ஒதுக்கீடு. ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு முதல் தர ஸ்லொட் 4, இரண்டாம் தரம் 3, மூன்றாம் தரம் 2. மொத்தம் ஒன்பது. நீண்ட ஓய்வு எடுக்கும்வரை அநேகமாக அவ்வளவுதான். (பாத்திரத்தின் நிலை வேறு, மந்திரத்தின் தரம் வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் புதியவர்கள் முதல் நாளே இதில் குழம்புவார்கள்.) கான்ட்ரிப் எனப்படும் சின்ன மந்திரங்களுக்கு மட்டும் ஸ்லொட் வேண்டாம்.

அடுத்தது கவனம். சில மந்திரங்கள், சொன்னவர் கவனம் சிதறாமல் இருக்கும்வரைதான் நீடிக்கும். கவனம் தேவைப்படும் மந்திரத்தை ஒரு நேரத்தில் ஒன்றுதான் வைத்திருக்கலாம். அடி விழுந்தால் பகடை உருட்டி அதைக் காப்பாற்ற வேண்டும். 10, அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அது இலக்கு. பிறகு நேரம்: ஒரு செயலா, போனஸ் செயலா (அதே முறையில் கூடுதலாகச் செய்யும் சின்னச் செயல்), பத்து நிமிடமா? கடைசியாகப் பொருள்கள். சில மந்திரங்களுக்கு விலையுயர்ந்த பொருள் வேண்டும்.

இதை ஏன் முதல் படியாக வைத்தேன் என்றால், துணைநூலில் எல்லோரும் முதலில் தேடுவது சேத எண்ணை. என் கணக்கில் அது பெரிய விடயமே இல்லை. அடி கொஞ்சம் கூடினால் டிஎம் இன்னும் இரண்டு பூதத்தை இறக்கிவிடுவார், முடிந்தது. மேலே எழுதிய விலைகளில் ஒன்றைக் கொடுக்காமல் தப்ப வைக்கும் மந்திரம்தான் ஒரு மேசையை உண்மையில் குழப்பும்.

படி 2: இலவச விதிகளை எடுத்து அட்டை செய்யுங்கள்

2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1, கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. 2024இல் புதுப்பித்த விதிகளுக்கு 5.2 தொகுப்பு 2025இல் வந்தது. இரண்டும் இலவச பிடிஎஃப். மூலத்தைக் குறிப்பிட்டால் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிடலாம். ஆகவே உங்கள் பாத்திரத்தின் மந்திரங்களைத் தமிழில் அட்டையாக எழுதிக்கொள்வதில் எந்தத் தடையும் இல்லை. ஏ4 தாளை நான்காக மடித்து ஒரு பக்கத்தில் பெயரும் தரமும், மறுபக்கத்தில் படி 1இல் எழுதிய விலைகளும். பிறகு போட்டோக்கொப்பிக் கடையில் ஆளுக்கொரு பிரதி. லமினேட் செய்யாதீர்கள், மாற்றங்கள் வரும், பென்சிலால் எழுத இடம் வேண்டும்.

பகடை இல்லையா? கைப்பேசிச் செயலி இருக்கிறது. கையால் போட்டால்தான் ஆட்டம் என்பவர்களுக்கு: 1 முதல் 20 வரை துண்டுச் சீட்டு எழுதி மா டின்னுக்குள் போட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒருமுறை 20 வந்தபின் அது மீண்டும் வராது. பத்து முகத்துக்கு அதே சீட்டின் கடைசி இலக்கம் போதும், பூச்சியம் வந்தால் பத்து. எட்டு முகத்துக்கு மூன்று நாணயம்: தலை விழுந்தால் முதலாவதுக்கு 4, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1, கூட்டி வரும் எண்ணோடு ஒன்று சேருங்கள். ஆறு முகம் லூடோப் பெட்டியில் இருக்கும். தாயம் ஆடும் சோகியை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். சோகிகளை எறிந்து நிமிர்ந்தவற்றை எண்ணினால் நடு எண்கள் அடிக்கடி விழும், ஓர எண்கள் அபூர்வமாகத்தான் விழும். பகடைக்கோ எல்லா முகமும் சமம்.

படி 3: உங்கள் மேசையில் எது குறைகிறது?

நிலாவரைக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியே இல்லாத கிணறு, அதில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று ஊரில் சொல்வார்கள். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்; உள்ளே எங்கே குகை, எங்கே நீரோட்டம் என்று ஒரு டிஎம் கற்பனை செய்ய இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. சரி, கதாபாத்திரங்களைக் கிணற்றுக்குள் இறக்கிக் கீரிமலையில் ஏற்றலாம் என்று நினைக்கிறீர்கள். மூச்சு முட்டுமா, எவ்வளவு தூரம் நீந்தலாம், அதுதான் அந்தக் கதையின் பதற்றம்.

இப்போதைய விதியில் நீருக்குள் மூச்சுவிடும் மந்திரம் மூன்றாம் தரம். பத்துப் பேருக்கு 24 மணி நேரம் வேலை செய்யும். கவனம் வேண்டாம். சடங்காகச் செய்தால் பத்து நிமிடம் கூடுதலாக எடுக்கும், ஸ்லொட்டே செலவாகாது. அதாவது ஐந்தாம் நிலை மந்திரவாதி ஒருவர் அதைக் கற்றிருந்தால் உங்கள் கிணற்றுக் கதை தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. ஒரு சொட்டு நெருப்புக்கூட இல்லாத மந்திரம்!

இந்த மாதிரி இடங்களைத்தான் கொப்பியில் குறிக்க வேண்டும். "நீர் தொடர்பான மந்திரங்கள் ஒன்றில் மிக மலிவு, இல்லையென்றால் பயனில்லை", "கிளெரிக்குக்கு (கடவுளிடமிருந்து மந்திரம் பெறும் பூசாரிப் பாத்திரம்) சண்டைக்கு வெளியே செய்ய ஒன்றுமில்லை" என்று மூன்று நான்கு வரி போதும். புத்தகம் வந்ததும் அந்த வரிகளுக்கு விடை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பீர்கள். விடை இல்லாவிட்டால் காசு மிச்சம்.

படி 4: முன்னோட்டத்தை முன்னோட்டமாகவே படியுங்கள்

பதிப்பகம் சோதனை விதிகளை இலவசமாக வெளியிட்டுக் கருத்துக் கேட்பது வழக்கம். படியுங்கள், ஒருநாள் ஆட்டத்தில் போட்டும் பாருங்கள். நீண்ட கதையில் ஓடும் பாத்திரத்தை மட்டும் அதை நம்பி மாற்றாதீர்கள். 2024இல் வந்த புதுப்பித்த விதிநூலுக்கான சோதனையில், எல்லா மந்திரங்களையும் மூன்றே பெரிய பட்டியலாகப் பிரித்திருந்தார்கள். ஒன்லைனில் அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. அச்சில் வந்தபோது அந்த மூன்று பட்டியல் இல்லை, பழையபடி ஒவ்வொரு வகுப்புக்கும், அதாவது பாத்திர வகைக்கும், தனிப் பட்டியல்.

படி 5: கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். ஆறு முகப் பகடையின் சராசரி 3.5, எட்டு முகத்துக்கு 4.5, பத்து முகத்துக்கு 5.5. வேறு கணிதம் தேவையில்லை.

புதிய மந்திரத்தை எதோடு ஒப்பிடுவது? எல்லோரும் ஃபயர்போல் என்ற நெருப்புக் குண்டு மந்திரத்தோடு ஒப்பிடுவார்கள். மூன்றாம் தரம், 20 அடி ஆரத்துக்குள் நிற்கும் எல்லோருக்கும் எட்டு ஆறுமுகப் பகடை நெருப்பு, சராசரி 28. ஆனால் 2014ஆம் ஆண்டின் டிஎம் வழிகாட்டியில் புது மந்திரம் செய்வதற்கென்று தந்த அட்டவணையைப் பாருங்கள். மூன்றாம் தரத்தில் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு ஆறு ஆறுமுகப் பகடைதான், சராசரி 21. ஒருவரை மட்டும் தாக்குவதற்கு ஐந்து பத்துமுகப் பகடை, 27.5. ஃபயர்போல் வேண்டுமென்றே அளவுக்கு மேலே வைக்கப்பட்ட செல்லப்பிள்ளை. அதை அளவுகோலாக எடுத்தால் எல்லாப் புதிய மந்திரமும் நோஞ்சானாகத்தான் தெரியும். அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

சேதம் சரி என்று கண்டபின் விலைக்கு வாருங்கள். 2017இல் வந்த ஒரு துணைநூலில் ஹீலிங் ஸ்பிரிட் என்ற இரண்டாம் தர மந்திரம் இருந்தது. ஒரு சிறு ஆவி ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்துக்குள் நுழைபவருக்கு ஒரு ஆறுமுகப் பகடை உயிர்ப்புள்ளி கிடைக்கும். சராசரி 3.5. வாசிக்கும்போது பாவம், சின்ன மந்திரம். ஆனால் அது ஒரு நிமிடம் நீடிக்கும். ஒரு நிமிடம் என்றால் பத்துச் சுற்று (எல்லோருக்கும் ஒருமுறை வாய்ப்பு வந்து முடிவது ஒரு சுற்று). சண்டை முடிந்தபின் நாலு பேரும் வரிசையாக ஆவிக்குள்ளால் நடந்து போய்க்கொண்டே இருந்தால் ஆளுக்குப் பத்துத் தடவை, 35 புள்ளி. நாலு பேருக்கும் சேர்த்து 140. அதே தர ஸ்லொட்டில் கியூர் வூண்ட்ஸ் என்ற காயம் ஆற்றும் மந்திரம் அந்நாளில் தந்தது இரண்டு எட்டுமுகப் பகடை, அதாவது 9, அதோடு மந்திரம் சொல்பவரின் திறன் கூட்டல், அதாவது அவர் திறமைக்காகச் சேரும் சின்ன எண். 2020இல் பதிப்பகமே திருத்தம் வெளியிட்டு, திறன் கூட்டலோடு ஒன்று சேர்த்த தடவைகளுக்குமேல் குணமாக்க முடியாது என்று கட்டிப்போட்டது.

ஆகவே புதிய மந்திரம் ஒவ்வொன்றிலும் பகடையைப் பார்ப்பதற்கு முன் காலத்தைப் பாருங்கள். எத்தனை சுற்று? ஒரே சுற்றில் எத்தனை பேருக்கு? கவனம் வேண்டுமா? சடங்காகச் செய்யலாமா? எதிரியின் முறை நடக்கும்போதே சொல்லலாமா? எல்லாவற்றுக்கும் விடை சாதகமாக இருந்தால், அந்த மந்திரத்தை டிஎம்மிடம் காட்டிவிட்டு எடுங்கள்.

படி 6: வெள்ளோட்டம்

புத்தகமோ பிடிஎஃபோ கைக்கு வந்ததும் ஒரு போயா விடுமுறையை ஒதுக்குங்கள். நீண்ட கதைக்குச் சம்பந்தமில்லாத ஐந்தாம் நிலைப் பாத்திரங்கள், ஒரே சண்டை, இரண்டு தடவை: முதலில் பழைய மந்திரங்களோடு, பிறகு புதியவற்றோடு. வடையும் தேத்தண்ணியும் இடைவேளைக்கு.

யார் வென்றார் என்பதோடு ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்றும் பாருங்கள். விலங்குகளை அழைக்கும் பழைய மந்திரம் எட்டு விலங்குவரை தரும். எட்டுக்கும் தனித்தனி நகர்வு, தனித்தனிப் பகடை. ஒருவர் எட்டு ஓநாயை ஆட்டிக்கொண்டிருக்க மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். 2024 விதிகளில் அதை ஒரே கூட்டமாக மாற்றினார்கள். புதுத் துணைநூலில் "அழைக்கும்" வகை மந்திரம் எதைக் கண்டாலும் வெள்ளோட்டத்தில் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள்.

படி 7: கதைக்குள் கொண்டுவருதல்

"அண்ணை, புத்தகத்திலை இருக்குத்தானே, நான் எடுக்கிறன்" என்று தம்பிமார் கேட்பார்கள். துணைநூல் என்பதே விருப்பத்துக்கு உட்பட்டது, கடைசிச் சொல் டிஎம்முடையது. ஆனால் வெறுமனே இல்லை என்று சொல்வதைவிட, வேண்டிய மந்திரத்தைக் கதையில் ஒரு பொருளாக வையுங்கள். நெடுந்தீவில் பெருக்கு மரப் பொந்துக்குள் ஒளித்து வைத்த ஓலைச்சுவடியாக இருக்கட்டும். 2014 விதிப்படி மந்திரவாதி தன் நூலில் ஒரு மந்திரத்தைப் பிரதி எடுக்க, தரம் ஒன்றுக்கு 2 மணி நேரமும் 50 பொன்னும் வேண்டும். மூன்றாம் தரம் என்றால் 6 மணி நேரம், 150 பொன். ஒரு அமர்வில் ஒரு மந்திரம், அதற்கு மேல் வேண்டாம். நூலில் எழுதாமலே மந்திரம் கற்கும் சோசரர் போன்ற வகுப்புகளுக்கு நிலை உயரும்போது ஒன்றை மாற்ற விடுங்கள், அது விதியிலேயே உண்டு.

மேசையில் எல்லோருக்கும் ஒரு உடன்பாடு இருக்கட்டும்: புதிய மந்திரம் மூன்று அமர்வுக்குத் தற்காலிகம். அதற்குள் சிக்கல் தெரிந்தால், எடுத்தவருக்கு நட்டமில்லாமல் வேறொன்றை மாற்றிக் கொடுப்பது. அட்டையில் பென்சிலால் "தற்காலிகம்" என்று எழுதி, பதிப்பகத்தின் திருத்தப் பக்கத்தைக் கடைசியாகப் பார்த்த திகதியையும் மூலையில் குறித்துவையுங்கள்.