டிரெஸ்டனுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத் தலைநகர் டிரெஸ்டன். பெர்லினிலிருந்து பிராக் போகிற வழியில் இருப்பதால், பலர் அரை நாள் மட்டும் இறங்கிச் சுற்றிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறார்கள். அவசரம் ஒரு தவறு என்றால், அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அங்கே எது பழசு, எது புதுசு என்றே தெரியாமல் பார்த்துவிட்டு வருவது.

நொய்மார்க்ட் சதுக்கத்தில் நிற்கும் ஃபிராவென்கிர்ஷே தேவாலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் முழுக்க வெளிர் மஞ்சள் கல். நடுநடுவே திட்டுத்திட்டாகக் கறுப்புக் கல். போர்த் தீயில் கருகியவை என்று பலரும் சொல்வார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் நினைத்தேன். அவை பழைய கட்டடத்தின் கற்கள் என்பது சரி. ஆனால் கறுப்புக்கு முக்கியக் காரணம் தீ அல்ல. எல்பா ஆற்றோர மலைகளில் வெட்டிய மணற்கல் அது. அதிலுள்ள இரும்பு, காற்றும் மழையும் பட்டுப் பட்டுக் கறுக்கிறது. இன்றைய மஞ்சள் கல்லும் ஒருநாள் அப்படி ஆகும்.

1743-ல் கட்டி முடித்த தேவாலயம் இது. 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கி பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் நகரத்தின் மீது குண்டு வீசின. குவிமாடம் உடனே விழவில்லை. உள்ளே எரிந்த தீயின் வெக்கையில் தூண்கள் வலுவிழந்து, 15-ஆம் தேதி காலையில்தான் சரிந்தது. கிழக்கு ஜெர்மனி இருந்த காலம் முழுக்க அந்தக் கற்குவியல் அப்படியே கிடந்தது. பிறகு மீட்ட கற்களை ஒவ்வொன்றாக அளந்து, எண் போட்டு, முடிந்தவற்றை முன்பு இருந்த இடத்திலேயே வைத்துக் கட்டினார்கள். 2005 அக்டோபர் 30 அன்று கதவு திறந்தது. உச்சியிலுள்ள சிலுவையைச் செய்தவர் ஆலன் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் பொற்கொல்லர். அவருடைய அப்பா அந்தத் தாக்குதலில் விமானம் ஓட்டியவர். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தச் சுவரைப் பாருங்கள்; பத்து நிமிடத்தில் நகர்ந்துவிட மனசு வராது.

குண்டுவீச்சில் லட்சக்கணக்கானோர் இறந்ததாகச் சொல்வதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நகர நிர்வாகம் அமைத்த வரலாற்றாளர் குழு 2010-ல் சொன்ன முடிவு, அதிகபட்சம் 25,000 பேர். ரெண்டு லட்சம் என்பது நாஜிப் பிரசாரம் கிளப்பிவிட்ட கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 13 அன்று ஊர் மக்கள் கைகோத்து நிற்கிறார்கள். அன்று அங்கே இருந்தால் கேமராவை உள்ளே வைத்துவிட்டு நீங்களும் நிற்கலாம்.

ஊர்ப் பெயர்களும் ஏமாற்றும். ஊர் நடுவே ஓடும் எல்பா ஆற்றின் தென்கரை ஆல்ட்ஷ்டட், அதாவது பழைய நகரம். வடகரை நொய்ஷ்டட், புது நகரம். பழைய நகரம்தான் குண்டில் அழிந்தது. நொய்மார்க்டைச் சுற்றி நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த நூற்றாண்டில் எழுந்தவை. 19-ஆம் நூற்றாண்டு வீடுகள் தெருத்தெருவாகத் தப்பி நிற்பது புது நகரத்தின் வெளிப்பகுதியில். பாலம் தாண்டாமல் திரும்பினால் அதைத் தவறவிடுவீர்கள். அங்கே குன்ஸ்ட்ஹோஃப் முற்றத்தில் ஒரு நீல வீட்டுச் சுவர் முழுக்கப் புனல்களும் வளைந்த தகரக் குழாய்களும். மழைத் தண்ணீர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கி வரும். குடை பிடித்துக்கொண்டாவது போய்ப் பார்க்க வேண்டியது.

அருங்காட்சியகங்களுக்குக் கிழமை பார்த்துப் போங்கள். ரஃபேலின் சிஸ்டைன் மடோனா ஓவியம் இருக்கும் ஸ்விங்கர் மாளிகைக்குத் திங்கள் விடுமுறை, அரண்மனைக்குச் செவ்வாய். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் சாப்பாட்டுச் சாமானை சனிக்கிழமையே வாங்கிவிடுவது நல்லது.

அரண்மனையில் 'பசுமைப் பெட்டகம்' எனப்படும் அரசக் கருவூலம் இரண்டு பகுதி. 2019 நவம்பரில் திருடர்கள் புகுந்தது பழைய பெட்டகத்தில். செய்தியில் பார்த்ததால் எல்லோரும் அதற்கு மட்டும் டிக்கெட் எடுக்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் புதிய பெட்டகத்தைத் தவறவிடக் கூடாது. டிங்லிங்கர் என்ற பொற்கொல்லர் 1701 முதல் 1708 வரை உழைத்துச் செய்த ஔரங்கசீப்பின் தர்பார் அங்கேதான் இருக்கிறது. பொன்னிலும் வைரத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட குட்டி உருவங்கள், யானை, ஒட்டகம், பல்லக்கு எல்லாம் உண்டு. செய்தவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. வேலை முடிவதற்குள், 1707-ல், ஔரங்கசீப் இறந்துவிட்டார். 41 காரட் பச்சை வைரமும் இந்தப் பெட்டகத்தின் சொத்துதான். கோல்கொண்டா பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று கருதுகிறார்கள்.

கடைசியாக, ஊரோடு நின்றுவிடாதீர்கள். எஸ்-1 புறநகர் ரயிலில் ஏறினால் சுமார் 40 நிமிடத்தில் ராத்தென் என்ற சிற்றூர். அங்கே ஆற்றைக் கடக்கும் படகுக்கு மோட்டார் கிடையாது; கம்பியில் கட்டியிருப்பார்கள், நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளிவிடும். அப்புறம் படியேறி பாஸ்டை பாறைகளுக்குப் போங்கள். 1851-ல் கட்டிய கல்பாலம் ஒன்று பாறைகளை இணைக்கிறது. கீழே எல்பா வளைந்து போகிறது. தேவாலயத்தில் பார்த்த அதே மணற்கல்தான் இங்கே மலையாக நிற்கிறது. பாறையின் பழைய முகம் கறுப்பு. அண்மையில் பெயர்ந்து விழுந்த இடம் வெளிர் மஞ்சள்.