வன்னி வெக்கையில் சிவப்பு வைன்

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மச்சான் மல்பெக் என்ற திராட்சையில் செய்த சிவப்பு வைன் ஒரு போத்தல் கொண்டுவந்தார். சிவப்பு வைனைக் குளிரவைக்கக் கூடாதாம், அறை வெப்பநிலையில்தான் குடிக்க வேண்டுமாம். சரி, அது குளிர்நாட்டு அறைக்குச் சொன்ன கணக்கு. கிளிநொச்சியில் மத்தியான வெயிலுக்கு வீட்டுக்குள்ளேயே 32 பாகை. அந்தச் சூட்டில் திறந்தால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

இந்த மாதிரிக் கனமான சிவப்பு வைனுக்கு 16 முதல் 18 பாகை போதும். குடிக்க ஒன்றரை மணித்தியாலம் முன்பு பிரிட்ஜில் வையுங்கள். கரண்ட் இல்லையா, வாளியில் ஐஸும் தண்ணீரும் கலந்து கால் மணித்தியாலம். வெறும் ஐஸை விடத் தண்ணீர் சேர்ந்தால்தான் கெதியாகக் குளிரும்.

மல்பெக்கின் ஊர் பிரான்சின் தென்மேற்கிலுள்ள கஹோர். 1853இல் ஆர்ஜென்டினாவுக்குப் போய், அந்தீஸ் மலையடியிலுள்ள மென்டோசாவில்தான் பேரெடுத்தது. நிறம் ஊதா கலந்த கருஞ்சிவப்பு. நாவற்பழம் தின்றால் நாக்கைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு இதிலும் உண்டு. ஆட்டிறைச்சிக் கொழுப்பு அதைத் தணிக்கும். ஆனால் எங்கள் வீட்டுக் கறித்தூள் உறைப்போடு குடித்தால் வாய் இரட்டிப்பாக எரியும். பிரட்டலுக்குத் தூளைக் கொஞ்சம் குறையுங்கள், அம்மா சம்மதித்தால்.