பழைய கணினிகளைக் கோத்து ஒரு கிளஸ்டர்

நான்கு பழைய டெஸ்க்டாப்புகள் சும்மா கிடந்தால் போதும், ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் கணினிக் கூட்டமான கிளஸ்டர் கட்டிவிடலாம். 1994-ல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 486 பிராசசர் கொண்ட சாதாரணக் கணினிகள் 16-ஐ ஈதர்நெட்டில் இணைத்துத்தான் ‘பேவுல்ஃப்’ கிளஸ்டரை உருவாக்கினார்கள். நாம் ஒதுக்கிவைத்த டூயல் கோர் பெட்டி அதைவிடப் பல மடங்கு வேகமானது.

முதலில் ஒவ்வொன்றையும் திறந்து தூசி தட்டி, பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் மாற்றுங்கள். மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடப்போகிறவை இவை. அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். இதில் நான் சமரசமே செய்துகொள்ள மாட்டேன். ரேம் கெட்டிருந்தால் கணினி நின்றுபோகும் என்று நிச்சயமில்லை. தப்பான விடையைச் சத்தமில்லாமல் தந்துவிட்டும் போகலாம்.

இணைப்புக்கு ஒரு கிகாபிட் ஸ்விட்ச், நல்ல கேபிள்கள். வைஃபை வேண்டாம். 100 மெகாபிட் நெட்வொர்க் கார்டு உள்ள பெட்டியில் நொடிக்குச் சுமார் 12 மெகாபைட்தான் போகும் என்பதால், கார்டை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் ஒரே டெபியன் லினக்ஸ் பதிப்பு, கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் ஓபன் எம்பிஐயின் ஒரே பதிப்பு, ஒரே பயனர் பெயர், ஒரே பயனர் எண். ஐபி முகவரிகள் மாறாமல் இருக்கட்டும். வேலையைத் தொடங்கிவைக்கும் தலைமைக் கணினியிலிருந்து மற்றவற்றுக்குப் பாஸ்வேர்ட் இல்லாமல் எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக வேறு கணினிக்குள் நுழையும் முறை) கீ மூலம் நுழைய வேண்டும். நிரல் இருக்கும் ஃபோல்டரை என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை) வழியாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றிலும் நகலெடுக்கும் வேலை மிச்சம். நிரலைக் கம்பைல் செய்யும்போது இருப்பதிலேயே பழைய பிராசசருக்குப் பொருந்தும்படி செய்யுங்கள். புதியதற்கென்று செய்தது பழையதில் பாதியில் விழுந்துவிடக்கூடும்.

சரி, வேலையைப் பிரிப்பதுதான் உண்மையான கலை. நான்கு கணினிக்கும் சமமாகப் பங்கு போட்டால், மெதுவானது முடிக்கும்வரை மற்ற மூன்றும் காத்துக்கிடக்கும். அதனால் வேலையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, முடித்த கணினி அடுத்ததைத் தானே கேட்டு வாங்கும்படி எழுதுங்கள். வேகமானது நிறைய எடுத்துக்கொள்ளும், மெதுவானது முடிந்ததைச் செய்யும், யாரும் சும்மா இருக்கமாட்டார்கள். ஆனால் துண்டு ரொம்பச் சிறிதானால் கணக்குப் போடுவதைவிடப் பேசிக்கொள்வதற்கே நேரம் போய்விடும். ஒரு துண்டுக்குச் சில நொடிகள் என்பது என் அளவு.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சூத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு வரையும் மாண்டல்பிராட் படத்தை வரிசை வரிசையாக வரைவது முதல் பயிற்சிக்கு அருமையான வேலை. ஒரு வரிசைக்கு மற்றதன் விடை தேவையில்லை, ஆனால் எல்லா வரிசைக்கும் ஒரே நேரம் பிடிக்காது. ஒரு கணினியில் ஓட்டி நேரம் குறியுங்கள். பிறகு இரண்டு, மூன்று, நான்கு. புதிதாக ஒன்றைச் சேர்த்தும் நேரம் குறையவில்லையென்றால், முதலில் துண்டின் அளவைப் பாருங்கள், அடுத்து ஸ்விட்சை.